நிழல் பக்கத்துத் தொட்டி

என் மனைவி உருளைக்கிழங்கு வளர்த்தாள். நான் அதைக் கெடுக்கும் புழுவை வளர்த்தேன். இருவருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. கோலாலம்பூருக்குத் தெற்கே ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். அவள் கிழங்குப் பிரிவில், நான் நூற்புழுப் பிரிவில். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துமிடமும் கேன்டீனும் மட்டும்.

கேன்டீனில் பழகி நாங்களே முடிவு செய்த கல்யாணம்தான். ஆனாலும் முறைப்படி வீட்டுக்கு வந்து பெண் கேட்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில், மூன்றாவது மாடி வீடு. என் பெற்றோரோடு போய் உட்கார்ந்தேன்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"நூற்புழு ஆராய்ச்சி, அங்கிள்."

"நூல்ல வர்ற புழுவா? அப்ப லைப்ரரியில வேலையா?"

சமையலறைக்குள்ளிருந்து அவள் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பை வைத்துத்தான் என் அம்மா சம்மதித்தாள்.

நூற்புழு என்பது மண்ணில் வாழும், வெறும் கண்ணுக்குத் தெரியாத, நூல் மாதிரியான ஒரு புழு. அதில் ஒரு வகை வேருக்குள் புகுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். கிழங்கின் தோல் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். யாரும் வாங்க மாட்டார்கள். கேமரன் மலையில் கிழங்கு போடுகிறவர்கள் அதற்குப் பயந்து மண்ணில் மருந்தைக் கொட்டுவார்கள். அடுத்த போகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொட்ட வேண்டியிருக்கும். மருந்தே வேண்டாத, புழு வந்தாலும் தாங்கி நிற்கிற ஒரு கிழங்கை உண்டாக்க வேண்டும் என்பதுதான் என் மனைவியின் வேலை. அவள் உண்டாக்குகிற ஒவ்வொரு செடியும் தாங்குகிறதா என்று பார்க்க உயிருள்ள புழு வேண்டும். அதைத் தக்காளிச் செடியின் வேரில் விட்டு, சாகாமல் வருடக்கணக்கில் காப்பாற்றி வைப்பது என் வேலை.

இந்தப் புழுவில் பெண்ணுக்கு ஆண் தேவையில்லை. தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாகி ஏழாம் மாதத்தில் போயிற்று. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. அந்த நாள்களில் ஒருமுறை அவள் என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு மட்டும் எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவளுடைய வேலை மெதுவாக நடக்கிற வேலை. தென்னமெரிக்க மலைகளில் காட்டு உருளைக்கிழங்குகள் இருக்கின்றன. கோலிக்குண்டு அளவுதான், கசக்கும், யாரும் தின்ன மாட்டார்கள். ஆனால் அவற்றில் சிலவற்றைப் புழுவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் குணத்தை நாம் சாப்பிடுகிற கிழங்குக்குக் கொண்டு வர வேண்டும். காட்டுச் செடியின் மகரந்தத்தை எடுத்து நாட்டுச் செடியின் பூவில் வைப்பாள். பிறக்கிற நாற்றுகளை எனக்கு அனுப்புவாள். எவற்றில் புழு தங்கவில்லை என்று நான் சொல்வேன். அவற்றை மட்டும் எடுத்து மறுபடியும் நல்ல கிழங்கோடு சேர்ப்பாள். கசப்பு போக வேண்டும், அளவு பெருக வேண்டும், எதிர்ப்புக் குணம் மட்டும் நழுவாமல் இருக்க வேண்டும். இப்படியே வருடங்கள் போயின.

அவள் ஒரு காட்டுச் செடியோடு நிற்கவில்லை. இரண்டு வேறு வேறு காட்டுச் செடிகளின் குணத்தையும் ஒரே கிழங்கில் சேர்க்க நினைத்தாள். ஒரே ஒரு எதிர்ப்பு இருந்தால் புழு சில வருடங்களில் அதைத் தாண்டிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் தாண்டுவது ரொம்பக் கடினம். "அஞ்சு வருஷம் தாங்கற கிழங்க தோட்டக்காரன் கையில குடுத்தா அது ஏமாத்து வேலை. அவன் பிள்ளை நட்டாலும் தாங்கணும்," என்பாள்.

ஆனால் நடுவில் எங்கோ இரண்டாவது குணம் நழுவிவிட்டது. கடைசியில் கைக்கு வந்த ரகத்தில் அளவு நன்றாக இருந்தது, ருசி நன்றாக இருந்தது, எதிர்ப்பு ஒன்றுதான் இருந்தது. மேலதிகாரிக்கு அதுவே போதுமாக இருந்தது. கேமரன் மலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். என் மனைவி என்னைக் கை காட்டினாள்.

"அவர் புழுவ ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்."

ஓட்டிப் பார்ப்பது என்றால் இதுதான். புழுக்களுக்கு அந்த ரகத்தின் வேரைத் தவிர வேறு சாப்பாடு கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் செத்துவிடும். தப்பித்த ஒன்றிரண்டின் பிள்ளைகளை எடுத்து மறுபடியும் அதே ரகத்தில் விட வேண்டும். நம் சூட்டில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தோட்டத்தில் பல வருடங்களில் நடக்கக்கூடியதைத் தொட்டியில் சீக்கிரமாக நடத்திப் பார்ப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மண் ரொம்பச் சூடானால் இந்த எதிர்ப்பு தானாகவே தளர்ந்துவிடும். அதனால் எங்கள் கிரீன்ஹவுஸில் வெயில் பக்கத்துத் தொட்டிகளில் புழு பிழைத்தால் அதைப் பெரிதாக எடுக்க மாட்டோம், சூட்டினால் இருக்கலாம். நிழல் பக்கத்தில், குளிர்க்காற்று படுகிற தொட்டியில் பிழைத்தால் புழுவே மாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த டெஸ்ட் ஓடிய காலத்தில் வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். "அரைகுறையா எதுவும் சொல்லாதீங்க. முடிஞ்சதும் சொல்லுங்க." கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரே காரில்தான் போவோம், வருவோம். அரிசி விலை, அவள் அக்காவின் முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் பேசுவோம். இதை மட்டும் பேச மாட்டோம்.

ஒருநாள் காலை நிழல் பக்கத்துத் தொட்டியில் இருந்த செடியைப் பிடுங்கி, வேரைக் குழாயில் கழுவி, சிவப்புச் சாயத்தில் முக்கினேன். வேருக்குச் சாயம் ஏறாது. புழுவின் முட்டைத் திரளுக்கு மட்டும் ஏறும். எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்தபோது வேர் முழுக்கக் குங்குமம் தெறித்த மாதிரி இருந்தது. பக்கத்துத் தொட்டியையும் பார்த்தேன். அதுவும் அப்படியே.

கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, அவள் கிழங்குச் செடிகளை வளர்க்கிற குளிரறைக்குப் போனேன். சுவெட்டர் போட்டுக்கொண்டு, கையில் இடுக்கியோடு ஒரு பூவின் மேல் குனிந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க."

"எதிர்ப்பு உடைஞ்சிருச்சு."

"எந்தத் தொட்டி? வெயில் பக்கமா?"

"இல்லம்மா. நிழல் பக்கம்."

இடுக்கியை ஸ்பிரிட் புட்டியில் போட்டு மூடினாள். கையைத் துடைத்தாள். "சரி. மலைக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே. அந்த வரைக்கும் நல்லது," என்றாள். அன்று மதியமே மேலதிகாரியிடம் போய், இந்த ரகத்தை வெளியே விட வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

திரும்பி வரும்போது பூச்சோங்கில் வழக்கமான ஜாம். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் ரேடியோவைப் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க மேல கோவம் இல்ல. ஆனா இன்னிக்கு உங்ககிட்ட பேச முடியல. நாளைக்குப் பேசறேன்," என்றாள். சொன்ன மாதிரியே மறுநாள் பேசினாள். விட்டுப்போன அந்த இரண்டாவது காட்டுச் செடியை எடுத்து, உடைந்த ரகத்தோடு மறுபடியும் சேர்க்க வேண்டும் என்றாள். அந்த வாரமே பூக்களில் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், எனக்குக் காய்ச்சல் என்பதால் அவள் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனாள். பத்து மணி போல எனக்கு போன் வந்தது.

"என்னங்க, நான் பந்திங்ல நிக்கிறேன்."

"பந்திங்ல என்ன வேலை?"

"அதான் தெரியல. ஏன் வந்தேன்னு தெரியல."

நிலையத்துக்குப் போகிற திருப்பத்தை விட்டிருப்பாள், யோசனையில் அப்படியே போயிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு கேன்டீனில் காசு கொடுத்துவிட்டு மறுபடியும் கொடுக்கப் போனாள். கேட்ட கேள்வியையே கேட்டாள். அக்கா இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழிவறை எந்தப் பக்கம் என்று அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே கேட்டாள். நிலையத்தில் எல்லாரும், பாவம், மனசு ஒடிஞ்சு போச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கிழங்கு உடைந்த துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். அதனால் மருத்துவமனைக்குப் போவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படங்களைத் திரையில் காட்டினாள். "இது துக்கத்தால வர்றது இல்ல, அங்கிள். மூளையில ஆரம்பிக்கிற நோய். பெரும்பாலும் வயசானவங்களுக்கு வரும், இவங்களுக்குச் சீக்கிரமே வந்திருக்கு. ஆரம்பிச்சு பல வருஷம் ஆகியிருக்கலாம்."

பல வருஷம் என்று டாக்டர் சொன்னது என்னோடு வீட்டுக்கு வந்தது. அன்று இரவு படுத்துக்கொண்டு பின்னால் எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது குணம் நழுவிய காலம் நினைவுக்கு வந்தது. அப்போது எந்தப் பூவில் எந்த மகரந்தம் என்பதை என் மனைவியே பார்த்து, அவளே தொட்டிகளுக்குச் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குணம் தானாகவே நழுவுவதும் சாதாரணமாக நடப்பதுதான். ஒவ்வொரு கலப்பிலும் பாதிப் பிள்ளைகளுக்கு அது வராது. சீட்டு மாறியதா, தானாக நழுவியதா என்று தேடினால் ஒருவேளை தெரியலாம். நான் தேடவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதும் இல்லை.

அவள் வேலையை விட்டாள். கொஞ்ச நாளில் நானும் ஓய்வு பெற்றேன். அவள் அக்கா வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து எங்களோடு இருக்க வருவார்.

ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அந்த டெஸ்ட் என்னாச்சு? முடிஞ்சிருக்கணுமே."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. முடிவுக்காகக் காத்திருக்கிற முகம் அது. உள்ளதைச் சொன்னேன். "எந்தத் தொட்டி? வெயில் பக்கமா?" என்றாள். நிழல் பக்கம் என்றேன். மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பூச்சோங் ஜாமில் அழுத அதே அழுகை, இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டாள். அதற்கடுத்தும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த ரகம் அவளுக்கு அன்றுதான் உடைந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, ஒவ்வொரு தடவையும் உண்மையச் சொல்லி அவள அழ வைக்கிறீங்க? நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்லா. அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

அவளுக்கு நான் கொடுத்த முடிவுகளில் ஒன்றைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. எங்கள் வேலை அதன் மேல்தான் நின்றது. ஆனால் ஒருநாள் நல்ல மழை. மத்தியானத்திலிருந்தே எதையோ தேடி வீட்டுக்குள் அலைந்து களைத்திருந்தாள். அந்த நேரத்தில் கேட்டாள். எந்தத் தொட்டி என்று கேட்டபோது, "வெயில் பக்கம்," என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அது உடையல. சூடு. மண்ணு சூடேறியிருக்கும். குளிரறையில வெச்சு திரும்பப் பாருங்க." அவள் குரலில் பழைய உறுதி இருந்தது. அன்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள். அக்கா சொன்னது சரிதான் என்று நானும் தூங்கினேன்.

சில நாள் கழித்து, தன் அக்காவையே யார் என்று தெரியாமல் அவள் விழித்த ஒரு காலையில், என்னைப் பார்த்துக் கேட்டாள். "குளிரறையில வெச்சீங்களா?"

எத்தனையோ தடவை சொன்ன உண்மை அவளிடம் தங்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை சொன்ன பொய் தங்கிவிட்டது. தினமும் கேட்டாள். "எப்ப வேர் கழுவுவீங்க? நானும் வரேன்." ஒருநாள் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. முகம் வேர்த்து வழிந்தது. உள்ளே வர மாட்டேன் என்றாள், இன்றைக்கு ரிசல்ட் பார்க்க வேண்டுமாம்.

வாசல் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சுவெட்டரைக் கழற்றினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அது நிழல் பக்கத்துத் தொட்டிதான் என்று சொன்னேன்.

"அன்னிக்கு வெயில் பக்கம்னு சொன்னீங்களே."

"பொய் சொல்லிட்டேன்மா."

என்னைப் பார்த்தாள். அழவில்லை. "நீங்க ரிசல்ட்ல பொய் சொல்ல மாட்டீங்களே," என்றாள். கோபமாக இல்லை. சந்தேகமாக, உட்கார்ந்திருப்பவன் யார் என்று சரிபார்க்கிற மாதிரி.

அதையும் அவள் மறந்திருப்பாள். அதன் பிறகு கேட்கும்போதெல்லாம் உள்ளதைச் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். மலைக்குப் போவதற்கு முன்னால் நிறுத்தியது நீதான் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். சில நாள், "அந்த வரைக்கும் நல்லது," என்று அவளே முடிப்பாள். போகப் போகக் கேள்வி தேய்ந்தது. வெயில் பக்கமா என்று மட்டும் கேட்பாள், எதைப் பற்றி என்று தெரியாமல். பிறகு வெறுமனே, என்னாச்சு என்பாள். பிறகு அதுவும் இல்லை. கடைசியாகக் கேட்டது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அன்று தெரிந்திருந்தால் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

போன தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை, அவளுடைய இடத்தில் இப்போது வேலை செய்கிற பெண் டெங்கிலிலிருந்து வந்தாள். என் மனைவிக்குக் கீழே பல வருடம் இருந்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கையில் முறுக்கு டப்பா. முகமெல்லாம் சிரிப்பு. வந்ததும் என் மனைவியின் காலடியில் உட்கார்ந்து போனைத் திறந்து படங்களைக் காட்டினாள்.

"அக்கா, ரெண்டும் சேர்ந்து வந்திருச்சு. நீங்க கடைசியா செஞ்ச கலப்பு. அதோட பிள்ளைங்கள்ல ஏழெட்டுச் செடியில ரெண்டு எதிர்ப்பும் இருக்கு. மூணு தடவை பார்த்துட்டோம்."

என் மனைவி போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"செடி அழகா இருக்கு. யாரு வளர்க்கிறா?"

"உங்க செடிதான், அக்கா."

"எனக்கு எங்க செடியெல்லாம் வளர்க்கத் தெரியும்?" என்று கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்."

அந்தப் பெண் போனைத் திரும்ப வாங்கி, அழைப்பு வந்த மாதிரி எழுந்து போர்ச்சுக்குப் போய்விட்டாள். நானும் போனேன். கார் கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகை அடங்கினதும் வேலையைப் பற்றிப் பேசினோம், வேறு எதைப் பேச முடியும்? இந்தச் செடிகளில் புழுவை எவ்வளவு காலம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். போன தடவையைவிட ரொம்ப நாள் ஓட்டு, மேலே இருக்கிறவர்கள் அவசரப்படுத்தினால் கேட்காதே என்றேன்.

"அதுக்குள்ள அக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நீ ஓட்டும்மா," என்றேன்.

கார் போன பிறகு உள்ளே வந்தேன். என் மனைவி முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?" என்று கேட்டாள்.

"அவளுக்கு ஒரு நல்ல சேதி வந்திருக்கு," என்றேன்.

"நல்ல சேதிக்கு யாராச்சும் அழுவாங்களா?" என்று சொல்லிவிட்டு டப்பாவை என்னிடம் நீட்டினாள். மூடியைத் திறந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.